ஒரு வாகனத்தின் ஏசியை இன்னொரு வாகனத்தில் பொருத்தும்போது மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியாவில் ஓடும் வாகனத்துக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர்கள், மழைநாள் மாலையில் ரம்பொடை வளைவுகளில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வாகனம் ஓட்டியிருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றும் நனைந்த உடைகளின் ஈரமும் முன்கண்ணாடியில் படிந்து, சாரதி ஒரு கையில் துணியும் மறு கையில் ஸ்டியரிங்குமாகத் தடுமாறும் அந்த நேரத்தில், காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுத்துக் கண்ணாடியைத் தெளிவாக்குவது ஏசிதான். ஆகவே நம் ஊரில் ஏசி வேலை என்பது பாதுகாப்பு சார்ந்த வேலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பல ஆண்டுகளாகப் பழைய வேன்களையும் கார்களையும் வைத்தே சமாளிக்க வேண்டியிருந்ததால், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து, கேஸ் எனப்படும் குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவிடும் பாகமான கம்பிரசரைப் பாவித்த நிலையிலோ முழு ஏசி செட்டையோ வாங்கிவந்து வேறு மாதிரி வாகனத்தில் பொருத்தும் பழக்கம் நம்மிடையே பெருகியது. அதில் தவறு இல்லை. கொழும்பில் பழகிய அளவுகளை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதும், ஒன்றுக்கொன்று ஒவ்வாத பாகங்களைச் சேர்த்துவிட்டு கேஸ் அடித்தால் சரியாகிவிடும் என்று நம்புவதுமே தவறு.

முதலில் வெக்கியூம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தில் மிக அதிகமாகக் குழப்பம் ஏற்படும் இடம் இதுதான். குழாய்களைப் பூட்டி முடித்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். கடல் மட்டத்தில் நல்ல பம்ப் ஒன்று கேஜ் (அமுக்கமானி) முள்ளை ஏறக்குறைய 30 அங்குல இரசம் வரை இறக்கும். ஆனால் அந்த முள் காட்டுவது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கும் உள்ளே இருக்கும் அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதால், ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் வீதம் அந்த அளவும் குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் எவ்வளவு சிறந்த பம்பை வைத்தாலும் முள் 24 அங்குலத்தை ஒட்டியே நிற்கும். சுமார் 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் 26 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இதை அறியாதவர், “அண்ணன், எங்கேயோ லீக் இருக்கு” என்று சொல்லி, நன்றாக இருந்த இணைப்புகளைக் கழற்றி ஓ-ரிங்குகளை மாற்றி, இறுக்கிய நட்டுகளை இன்னும் இறுக்கி, அலுமினியக் குழாயின் மரையைக் கெடுத்து, இல்லாத லீக்கை உண்டாக்கிவிடுகிறார். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைக் காட்டிலும், பம்பை நிறுத்தி வால்வுகளை மூடிய பின்னர் அரை மணி நேரத்துக்கு அது அசையாமல் நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

குளிரும் இங்கே குறுக்கே நிற்கிறது. வெக்கியூம் போடுவதன் பாதி நோக்கம், குழாய்க்குள் தங்கிய நீரைத் தாழ்ந்த அமுக்கத்தில் கொதிக்கவைத்து ஆவியாக வெளியேற்றுவது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ளே உள்ள அமுக்கம் 32 மில்லிமீற்றர் இரசமாகக் குறைந்தாலே நீர் கொதித்துவிடும்; 15 பாகையிலோ அது 13 மில்லிமீற்றர் வரை இறங்க வேண்டும். தேய்ந்த பம்ப் கொழும்பு வெயிலில் ஒப்பேற்றும் வேலையை, நானுஓயாவின் காலைக் குளிரில் ஒப்பேற்றாது. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு பொனட்டுக்குள் சூடேற்றிய பின்னர், எஞ்சினை நிறுத்திவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரமாவது பம்பை இயக்குங்கள். தேயிலைக் கொழுந்தின் மேல் பனி நிற்கும் நேரத்தில் திறந்த குழாய்களை வைத்துக்கொண்டு வேலை தொடங்க வேண்டாம்.

ரிசீவர் ட்ரையரைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. அதற்குள் இருக்கும் ஈர உறிஞ்சி மணிகள், கடைத் தட்டில் மூடி இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தபோதே நிறைந்துவிட்டிருக்கும். செட்டோடு வந்தது என்பதற்காக அதைப் பொருத்தக் கூடாது. புதியதை வாங்கி, எல்லா இணைப்புகளும் முடிந்த பிறகு, கடைசியாக அதன் மூடியைத் திறந்து பூட்ட வேண்டும்.

கேஸ் ஏற்றுவதில் நடக்கும் தவறும் வெக்கியூம் தவறின் உடன்பிறப்பே. எஞ்சின் ஓடாதபோது ஆர்-134ஏ கேஸின் அமுக்கம் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. 30 பாகையில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும் இடத்தில், 15 பாகையில் 56 பிஎஸ்ஐ மட்டுமே காட்டும். ஓடும்போதும் உயர் அமுக்கம், தாழ் அமுக்கம் ஆகிய இரு பக்க அளவுகளும் கொழும்பை விடத் தாழ்ந்தே இருக்கும். முள்ளைக் கொழும்பு அளவுக்குக் கொண்டுவருவதற்காக மேலும் மேலும் கேஸ் ஏற்றினால், அந்த வாகனம் மத்தியான வெயிலில் பேராதனைக்கோ வெல்லவாயவுக்கோ இறங்கும்போது அமுக்கம் எல்லை கடந்து, சுவிட்ச் கம்பிரசரை நிறுத்திவிடும். அப்போது அந்த சுவிட்சையே குறுக்கே வயர் போட்டு ஒதுக்கிவிடும் வேலையையும் நான் கண்டிருக்கிறேன். வெடிக்க வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அமுக்கத்துக்கு வழி திறந்துவிடுவது அது. கேஸைத் தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். பாகங்கள் பல வாகனங்களிலிருந்து வந்திருந்தால், கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) எந்த வாகனத்துடையதோ அதன் பொனட் லேபிளில் உள்ள நிறையைத் தொடக்கமாகக் கொண்டு, பின்னிருக்கைகளுக்கான கூலிங் கொயிலும் நீண்ட குழாய்களும் உள்ள டுவல் ஏசி வேனாக இருந்தால் அதற்கேற்பச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லலாம். மலிவு கருதிச் சமையல் கேஸ் ஏற்றும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் கொயிலில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் தீப்பற்றும் வாயு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வந்துவிடும்.

எண்ணெய் விடயம் கண்ணுக்குத் தெரியாததால் அதிகம் புறக்கணிக்கப்படுகிறது. ஆர்-134ஏக்கு முன்பிருந்த ஆர்-12 கேஸ் காலத்துக் கம்பிரசர்களில் கனிம எண்ணெய் இருந்தது. அது ஆர்-134ஏயில் கரையாமல் கொயிலின் அடியிலேயே தேங்கிவிட, கம்பிரசர் எண்ணெய் இன்றி இறுகிப்போகும். பாவித்த கம்பிரசருக்குள் என்ன எண்ணெய், எவ்வளவு இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. அதை முழுவதும் வடித்து அளந்து, ஆர்-134ஏக்கு உரிய பேக் (PAG) எண்ணெயைப் புதிதாக இட வேண்டும். பழைய கம்பிரசர் உடைந்து அலுமினியத் துகள்கள் பரவியிருந்தால், மெல்லிய குழாய்கள் அடுக்கிய இக்காலக் கண்டென்சரைக் கழுவித் துகளை எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாம் தலைமுறையிலிருந்து வந்த பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்களுக்கு இன்னும் கடுமையான விதி உண்டு. அவற்றின் கம்பிரசருக்கு பெல்ட் இல்லை. முதல் தலைமுறை அக்குவாவில் 144 வோல்ட், இரண்டாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட் பெட்டரியின் மின்சாரத்தில் அது ஓடுகிறது, அதன் மோட்டார்ச் சுருள் கேஸுக்கும் எண்ணெய்க்கும் நடுவிலேயே இருக்கிறது. மின்காப்பு குன்றாத என்டி-11 வகை எண்ணெய்தான் அதற்குரியது. வேனுக்கு வேலை செய்த அதே கேஜ் ஹோஸில் தங்கிய பேக் எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் காப்பு குறைந்து, வாகனக் கணினி மின்கசிவு என்று பதிவு செய்யக்கூடும். உயர் மின்னழுத்தம் செல்லும் செம்மஞ்சள் வயருக்குரிய பயிற்சியும் கையுறையும் இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. இந்தக் கம்பிரசரைப் பெற்றோல் காருக்கு மாற்றும் பேச்சுக்கும் இடமில்லை.

பொருத்தும் வேலையில், தேவைப்படும்போது மட்டும் பெல்ட்டோடு பிணைக்கும் கிளச் உள்ள கம்பிரசருக்குப் பதிலாகக் கிளச் இல்லாமல் வால்வினால் கட்டுப்படுத்தப்படும் வகையை வாங்கிவிடுவது, 4 வரிப் பெல்ட் இருந்த இடத்தில் 6 வரிப் புல்லியை (பெல்ட் சுற்றும் சக்கரத்தை) திணிப்பது, பிராக்கெட்டுக்கு வொஷர் வைத்துச் சமாளிப்பது ஆகியவை கண்ணெதிரே தெரியும் தவறுகள். அளந்து பார்த்தாலே தவிர்க்கலாம். லொறி அல்லது ரோசா பஸ்ஸிலிருந்து கழற்றிய கம்பிரசரின் கிளச் பெரும்பாலும் 24 வோல்ட்டுக்கு உரியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 12 வோல்ட் வேனில் அது முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி எரிந்துபோகும்.

டேஷ்போர்ட்டுக்குள் நடக்கும் மாற்றம்தான் மலையக மக்களை அதிகம் பாதிக்கிறது. வாகனத்தோடு வந்த மூல ஏசிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹீட்டர் இல்லாத தனிக் கூலிங் பெட்டியைத் தொங்கவிடும்போது, கண்ணாடியைத் தெளிவாக்கும் வழியில் பாதி போய்விடுகிறது. ஏசி காற்றைக் குளிர்வித்து ஈரத்தை வடிக்கிறது. ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கந்தப்பளை மூடுபனியில் பாதை தெரியும். அதோடு, கொயில் உறைவதைத் தடுக்கும் தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி ஒவ்வொரு தயாரிப்பிலும் வெவ்வேறு மின்தடை கொண்டது. வேறு வாகனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு அதை இணைத்தால், ஈரம் நிறைந்த நம் காற்றில் கொயில் பனிக்கட்டியாகி, காற்று வருவது நின்றுவிடும். பலரும் அதை கேஸ் குறைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் கேஸ் ஏற்றுகிறார்கள்.

வேலை முடிந்ததும் கராஜ் வாசலில் நிறுத்திவைத்துக் குளிர் வருகிறதா என்று பார்ப்பது போதாது. ரேடியேட்டருக்கு முன்னால் வேறு காரின் பெரிய கண்டென்சர் வந்து நிற்கிறது. மேட்டில் இரண்டாம் கியரில் ஏறும்போது எதிர்க்காற்று குறைவு, எஞ்சின் சூடோ அதிகம், விசிறி ஒன்றையே நம்ப வேண்டியிருக்கும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை ஆட்களை ஏற்றி, ஏசியைப் போட்டபடி ஏறிப் பாருங்கள். வெப்ப முள் மேலே போனால் விசிறியையும் அதன் ரிலேயையும் சரிசெய்யாமல் வாகனத்தைப் பொறுப்பேற்க வேண்டாம். பொறுப்பேற்கும் நாளில், எந்த வகை கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய், கம்பிரசர் எந்த வாகனத்துடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, நனையாதபடி பொனட்டின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தப் பொனட்டைத் திறப்பவர் பெரும்பாலும் வேறொரு ஊர்க்காரராக இருப்பார்.