மூச்சுப் பரிசோதனைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

வயிற்று எரிவு, பொருமல், பால் குடித்தால் வயிற்றோட்டம் என்று கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு வைத்தியர் சில வேளைகளில் மூச்சுப் பரிசோதனை எழுதிக் கொடுப்பதுண்டு. ஊசியோ குழாயோ இல்லாத சோதனைதானே என்று இலேசாக எண்ணி, முதல்நாள் இரவு பட்டினி கிடந்தால் போதும் என்ற நினைப்பில் முல்லைத்தீவிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறுவோர் உண்டு. ஆனால் முடிவு சரியாக வருமா, பிழைத்துப்போகுமா என்பது பெரும்பாலும் அதற்கு முந்திய நான்கு வாரங்களில் நாம் விழுங்கியவற்றைப் பொறுத்தது.

எழுதப்பட்டிருப்பது யூரியா மூச்சுச் சோதனையா, ஐதரசன் மூச்சுச் சோதனையா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்; ஏனெனில் இரண்டுக்கும் ஆயத்தம் வேறு. யூரியா மூச்சுச் சோதனை, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பக்டீரியாவைத் தேடுவது. நாம் குடிக்கும் யூரியாவை அந்தக் கிருமி உடைத்தால், அந்த யூரியாவிலுள்ள அடையாளமிட்ட காபன் மூச்சில் காபனீரொட்சைட்டாக வெளிவரும். ஐதரசன் மூச்சுச் சோதனையில், லக்டோஸ், குளுக்கோஸ், லக்டுலோஸ் போன்ற ஒரு வெல்லத்தைக் குடிக்கக் கொடுத்து, குடலிலுள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்யும்போது எழும் வாயுவை மூச்சில் அளக்கிறார்கள். மனித உடலின் கலங்கள் ஐதரசனை உண்டாக்குவதில்லை என்பதே இந்தச் சோதனைக்கு அடிப்படை.

இரு சோதனைகளுக்கும் பொதுவான விதி, முந்திய நான்கு வாரங்களில் நுண்ணுயிர்க்கொல்லி (அன்டிபயோட்டிக்) மருந்து எடுத்திருக்கக் கூடாது என்பது. நம் பகுதியில் இதுவே பெரும் சிக்கல். காய்ச்சலுக்கோ, வயலில் காலில் பட்ட காயத்துக்கோ பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தால், வெள்ளைக் கடதாசி உறையில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதி, பெயரில்லாத குளிசைகளைத் தருவார்கள். அவற்றில் அமொக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்ததா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே சோதனைக்கு நாள் குறித்தவுடன், வேறு எந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனாலும் அதை முன்கூட்டியே சொல்லி, குளிசையின் பெயரை உறையில் எழுதுவித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி அவசியம் என்றால் அதைத் தவிர்க்கக் கூடாது. சோதனை நாளைத்தான் தள்ளிப்போட வேண்டும். பைலோரிக்குச் சிகிச்சை முடித்துவிட்டுக் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பவர்களும் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

யூரியா சோதனைக்கு ஒமிப்பிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் குளிசைகளையும் இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். அவை கிருமியை அடக்கிவைப்பதால், உள்ளே இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எனினும் முன்பு புண்ணிலிருந்து இரத்தம் போனவர்களும், இருதய வருத்தத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இந்த அமிலம் குறைக்கும் குளிசைகளை நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய நாட்களில் எரிவு கூடினால் எதைக் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுவைப்பது நல்லது.

ஐதரசன் சோதனைக்குச் சாப்பாடே முக்கியம். முதல்நாள் முழுவதும், குடலில் நொதிக்கக்கூடிய எதுவும் சேரக் கூடாது. வெள்ளை அரிசிச் சோறு, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்த அல்லது பொரித்த மீன், கோழி, முட்டை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தவிடு போகாத சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ், பாண், பருப்பு, பயறு, கௌபி, உழுந்து, பால், தயிர், பழங்கள் எல்லாவற்றையும் அன்று விலக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும்கூட ஆகாது என்பதால் சொதியும் சம்பலும் போய்விடும். வீட்டாருக்கு வைத்த குழம்பில் மீன்துண்டை மட்டும் எடுத்துச் சாப்பிடுவதும் பயன் தராது. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடுகளில் இன்னொரு இடர்ப்பாடு வரும். மீனும் முட்டையும் இல்லை, பருப்பும் கூடாது என்றால் வெறும் சோறுதான் மிஞ்சும். ஆதலால் முதல்நாள் வெள்ளிக்கிழமையாகவோ விரத நாளாகவோ அமையாதபடி திகதி கேட்பது புத்திசாலித்தனம். பேதி மருந்துகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். குடலைக் கழுவி கமரா விட்டுப் பார்த்திருந்தால் அதற்கும் நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

பட்டினி ஐதரசன் சோதனைக்கு 8 முதல் 12 மணித்தியாலம். யூரியா சோதனைக்குப் பொதுவாக அதைவிடக் குறைவு. தண்ணீர் குடிக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சீனி வருத்தக்காரர் இன்சுலினையோ குளிசையையோ அன்று காலை என்ன செய்வது என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். காலையில் பல்லைத் துலக்கி வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வாயிலுள்ள பக்டீரியாக்களும் வெல்லத்தை நொதிக்க வைத்து அளவைக் குழப்பும். பீடி, சிகரட், வெற்றிலை, சூயிங்கம் எதுவும் வேண்டாம். உடலை வருத்தாமலிருக்க, பஸ் தரிப்பிடம்வரை சைக்கிளை வேகமாக உழக்கிப் போவதைவிட, யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்வது மேல்.

ஊதும் முறைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் வெளிவரும் காற்று வாயிலும் தொண்டையிலும் நின்றது. தேவைப்படுவது நுரையீரலின் ஆழத்திலிருந்து கடைசியாக வருவது. ஆகவே மூச்சைச் சில விநாடி அடக்கி, நிதானமாக முடியும்வரை ஊத வேண்டும். ஐதரசன் சோதனையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஊதவேண்டியிருப்பதால் இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். விடியப்புறம் எழும்பி வந்த களைப்பில் கண் அயரக் கூடாது. தூக்கமும் அளவை மாற்றும். இடையில் வயிறு ஊதினாலோ வலித்தாலோ நேரத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

இரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமின்றி மெலிதல், விழுங்கக் கஷ்டம் ஆகியன இருந்தால் இந்தச் சோதனைக்காக வாரக்கணக்கில் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சோதனை முடிந்ததும் வழமைபோலச் சாப்பிடலாம். லக்டுலோஸ் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாணிதான் என்பதால் சிலருக்குச் சில மணிநேரம் வயிற்றோட்டம் இருக்கும். ஏ9 வீதியில் ஓடும் தூர பஸ் நினைத்த இடத்தில் நிற்காது. கொஞ்ச நேரம் மலசலகூடம் உள்ள இடத்தில் இருந்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.