ஆலங்காயத்து மொட்டை மாடியிலிருந்து ஸ்பிரைட் பிடிப்பது எப்படி, பிடித்தபின் என்ன கணக்குப் போடுவது

ஸ்பிரைட் பார்க்க வேண்டுமானால் நம் ஊரில் மழை இருக்கக் கூடாது. மழை கடப்பா பக்கம் கொட்ட வேண்டும், நமக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். இடிமேகத்துக்கும் மேலே, சுமார் 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சில மில்லி நொடிகள் சிவப்பாகத் தெரிந்து மறைகிற, மின்னல் போன்ற மின்னிறக்கம்தான் ஸ்பிரைட். மேகத்தின் அடியில் நிற்பவருக்கு மேகமே மறைத்துவிடும். 150 முதல் 400 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்குத்தான் மேகத்தின் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரியும்.

நான் இங்கே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். காவலூர் வானாய்வகம் பக்கத்தில்தான். ஜவ்வாது மலையின் எந்த இருட்டை நம்பி அதை அங்கே வைத்தார்களோ, அந்த இருட்டில் கொஞ்சம் எங்கள் மாடிக்கும் கிடைக்கிறது. கேமரா தம்பியுடையது. வாணியம்பாடியில் கல்யாண போட்டோ எடுக்கிறான், முகூர்த்தம் இல்லாத நாளில் கொடுப்பான்.

சித்திரை, வைகாசி கோடை மழைக் காலம் நல்லது. நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தில் ராயலசீமா மேல் பெரிய மேகக் கூட்டம் பரவியிருந்தால் தயாராகலாம். மேகம் பொங்கி எழும்போதே ஓட வேண்டாம். வயதாகி, அகலமாகப் படர்ந்து, மின்னல் எண்ணிக்கை குறைகிற நேரம்தான் நமக்கு. மேகத்திலிருந்து நேர்மின்னூட்டத்தைப் பெரிய அளவில் தரைக்கு இறக்கும் மின்னல்கள் அப்போதுதான் அதிகம். பெரும்பாலான ஸ்பிரைட்டுகளைத் தூண்டுவது அவைதான். கூடவே தாமினி செயலியைத் திறந்து வையுங்கள். அது நம் பக்கத்து மின்னலைச் சொல்லும். நம் காதில் இடி விழுந்தால் ட்ரைபாடை அப்படியே விட்டுவிட்டு உடனே கீழே இறங்குங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ், அப்பர்ச்சர் 1.8, ஐ.எஸ்.ஓ. 6400, ஒரு நட்சத்திரத்தில் மேனுவல் ஃபோகஸ், நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோ. தொடுவானத்தைப் படத்தின் அடியில் வைத்து மேலே நிறைய இடம் விடுங்கள். அப்புறம் பொறுமை. மூன்று இரவு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காம் இரவின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தியபோது, ஒரே ஒரு ஃபிரேமில், மேலே சிவந்த கொத்தும் கீழே வேர் போன்ற இழைகளுமாக இருந்தது. சத்தம் போட்டுத் தம்பியை எழுப்பிவிட்டேன். 1989 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வேறு வேலைக்காக கேமராவைச் சோதித்தவர்களுக்கும் முதல் படம் இப்படித்தான் எதிர்பாராமல் கிடைத்தது. இப்படி ஒன்று இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே எழுதியிருந்தார்.

சரி, இப்போது கணக்கு. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. படத்தில் உள்ள நட்சத்திரங்களை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் ஒப்பிட்டால் இன்னும் துல்லியமாக வரும். என் படத்தில் தொடுவானத்திலிருந்து ஸ்பிரைட்டின் அடி 14 பாகை, உச்சி 20 பாகை. கடப்பா இங்கிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். தூரத்தைக் கோணத்தின் டான் (tan) மதிப்பால் பெருக்கினால் உயரம்: 200-ஐ டான் 14-ஆல் பெருக்கினால் 50, டான் 20-ஆல் பெருக்கினால் 73. பூமி வளைந்திருப்பதால் இரண்டிலும் 3 கூட்ட வேண்டும். ஆக 53 முதல் 76 கிலோமீட்டர் வரை. வளிமண்டலத்தின் இடையடுக்கு (மீசோஸ்பியர்)!

இந்த உயரத்தைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடு. வேதியியல் முழுக்க அதில்தான் இருக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். சாதாரண மின்னல் காற்றைச் சுமார் 30,000 கெல்வினுக்குச் சூடாக்கி அதை உடைக்கிறது. ஸ்பிரைட்டில் காற்று அப்படிச் சூடாவதில்லை. வேகமான எலக்ட்ரான்கள் மூலக்கூறில் மோதுகின்றன. அதில் கிளர்ச்சியுற்ற நைட்ரஜன் விடுகிற ஒளிதான் நாம் பார்க்கும் சிவப்பு. சில மூலக்கூறுகள் உடைந்தும் போகின்றன. உடைந்த அணு ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் நைட்ரிக் ஆக்ஸைடு. வழி வேறானாலும் இரண்டிலும் கிடைப்பது அதே பொருள்தான்.

ஆனால் அந்தப் பொருள் எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. நாம் மூச்சுவிடும் கீழடுக்கில் அது நைட்ரஜன் டை ஆக்ஸைடாகி, வெயிலில் ஓர் ஆக்ஸிஜன் அணுவை விடுவித்து, ஓசோன் உருவாக உதவுகிறது. மீதி நைட்ரிக் அமிலமாகி மழையில் கரைந்து மண்ணுக்கு உரமாகிறது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று என் அத்தை சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அதற்கு மேலே, ஓசோன் படலம் உள்ள மீள் அடுக்கில் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) அதே நைட்ரிக் ஆக்ஸைடு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்ஸிஜனைப் பறித்து, அதை இன்னோர் ஆக்ஸிஜன் அணுவுக்குக் கொடுத்துவிட்டு, பழையபடி வெறுங்கையோடு அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். இந்தச் சுழற்சியை 1970இல் எழுதிய வேதியியலாளர் பால் குருட்சன் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதனால் ஓசோன் கவலை உள்ளவர்கள் சிவப்பைவிட நீலத்தைத் தேடுங்கள். நீலத் தாரைகள் என்ற வேறு வகை மின்னிறக்கங்கள் மேக உச்சியிலிருந்து 40, 50 கிலோமீட்டர் வரை, ஓசோன் படலத்தின் ஊடாகவே ஏறுகின்றன. 2015 செப்டம்பரில் டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மோகன்சன் விண்வெளி நிலையத்திலிருந்து நம் வங்காள விரிகுடாவின் புயல்மேகத்தைப் படமெடுத்தார். 160 நொடியில் 245 நீல மின்னொளிகள், ஒரு தாரை 40 கிலோமீட்டர் வரை!

படம் கிடைத்த உற்சாகத்தில் ஸ்பிரைட் ஓசோனை அழிக்கிறது என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மின்னல் ஆண்டுக்கு 20 முதல் 80 லட்சம் டன் நைட்ரஜனை இந்த ஆக்ஸைடுகளாக மாற்றுகிறது என்பது மதிப்பீடு. அதன் பக்கத்தில் ஸ்பிரைட்டின் பங்கு மிகச் சிறியது. இழைகள் போன இடத்தில் மாற்றம் உண்டு, ஆனால் என்விசாட் செயற்கைக்கோள் அளவீடுகளில் தேடியபோது உலக அளவில் தெளிவான தடயம் கிடைக்கவில்லை.

என் கணக்கின் பலவீனம் அந்த 200தான். ஸ்பிரைட் தன்னைத் தூண்டிய மின்னலுக்கு நேர் மேலேயே வர வேண்டுமென்பதில்லை, பல கிலோமீட்டர் தள்ளியும் வரும். உண்மையான தூரம் 240 என்றால் என் உச்சி 76இலிருந்து 92க்குப் போய்விடும். இதற்கு ஒரே வழி, அதே ஸ்பிரைட்டை இன்னோர் ஊரிலிருந்தும் எடுப்பது. அரக்கோணம் இங்கிருந்து 110 கிலோமீட்டர் போல, கோணம் நன்றாக விழும். அந்தப் பக்கம் மாடியும் கேமராவும் உள்ளவர்கள், கடிகாரத்தை நொடி பிசகாமல் ஃபோனோடு ஒத்து வைத்து, அடுத்த அமாவாசைக்கு வடமேற்கே திருப்பி வையுங்கள்.