பாட்டி, அம்மா, நீங்க: மூணு பேரோட சின்ன வயசையும் பதிவு பண்றது எப்படி

"சின்ன வயசு எப்படி இருந்துச்சு"ன்னு மொட்டையா கேட்டா பாட்டி "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு முடிச்சிடுவாங்க, அதனால சின்னச் சின்னதா கேளுங்க, ராத்திரி யார் பக்கத்துல படுத்தீங்க, யாருக்குப் பயப்படுவீங்க, படிப்ப நிறுத்தச் சொன்னது யாரு, அன்னைக்கு அழுதீங்களா. பழைய போட்டோ ஒண்ண கையில குடுத்தா இன்னும் நல்லா பேச்சு வரும். பொதுவா 10லேர்ந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் வயசானவங்களுக்கு அதிகமா ஞாபகம் இருக்கும், அங்கேர்ந்து பின்னாடி போங்க. போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி ஓரமா வச்சிடுங்க. நடுவுல திருத்தாதீங்க ப்ளீஸ், அவங்க அமைதியானா நீங்களும் அமைதியா இருங்க, முக்கியமானது பெரும்பாலும் அதுக்கப்புறம்தான் வரும்.

அதே கேள்விகள அம்மாகிட்ட தனியா கேளுங்க. அம்மா பாட்டி வயித்துல இருந்தப்பவே நீங்க உருவான கருமுட்டையும் அம்மாக்குள்ள உருவாகிடுச்சு, அவ்ளோ நெருக்கம் இது. கடைசியா உங்க பதிலையும் பேசி, தேதி போட்டு ரெண்டு இடத்துல சேவ் பண்ணுங்க.