தீருவின் புலம்பலை வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாசிப்பது எப்படி

எங்கள் ஜெபக்கூட்டம் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, வீட்டு விறாந்தையில் பாய் விரித்து நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப்பேர் கடல்தொழில் குடும்பங்கள். நான் இறையியல் கல்லூரிக்குப் போனவன் அல்ல. திருகோணமலையில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் படகு எஞ்சின் திருத்திப் பிழைக்கிறவன். தேவன் மனிதனுடைய பெருமையை நியாயந்தீர்க்கிற வேதப்பகுதிகளை வீட்டில் எப்படி வாசிப்பது என்று அண்மையில் ஒரு தம்பி கேட்டார். அவர் நடத்தும் கூட்டத்தில் அப்படியான அதிகாரத்தை எடுத்தால் ஒன்று சனம் பயந்து ஒடுங்குகிறது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துத் தலையாட்டுகிறது என்றார். நாங்கள் பல தடவை தவறாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்ட முறையை அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து, தீரு பட்டினத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் 26, 27, 28 ஆகிய மூன்று அதிகாரங்களையும் எடுங்கள். மூன்று மாலைகள் வேண்டும். ‘அழிவுக்கு முன்னானது அகந்தை’ என்ற நீதிமொழியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். மாட்டிய மறுநாளே கண்ணுக்குப் பழகிவிடுகிறது. ஒரு தனி வசனம் நம்மைச் சீக்கிரம் விட்டுவிடும். முழு அதிகாரம் அப்படி விடாது.

இந்தப் பகுதியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீரு ஒரு துறைமுகப் பட்டினம். லெபனோன் கரைக்கு அப்பால், கடல் நடுவே பாறைத்தீவில் இருந்த ஊர். நாங்களும் துறைமுகத்தை வைத்தே பெயர் பெற்ற ஊரில் இருக்கிறோம். எங்கள் குடாவுக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை கொடிகள் ஏறி இறங்கின! சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் பல இன்னும் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அசையாது என்று நினைத்த துறைமுகம் ஒரே காலையில் புகையாய் நின்றதைப் பார்த்தவர்கள் எங்கள் பாட்டன்மார். இந்த ஊரில் எசேக்கியேலுக்கு விளக்கம் தேடி எங்கும் போகவேண்டியதில்லை.

முதல் மாலை 27ஆம் அதிகாரத்தோடு தொடங்குங்கள். 26ஐ வீட்டில் ஒவ்வொருவரும் முன்கூட்டியே வாசித்து வரட்டும். ஏன் 27 முதலில்? அங்கே தீரு ஒரு கப்பலாக வருகிறது. சேனீரிலிருந்து வந்த மரத்தில் பலகை, லீபனோன் கேதுருவில் பாய்மரம், பாசானின் மரத்தில் துடுப்பு, எகிப்தின் சித்திரத் தையல் சணல்நூலில் பாய். தீர்க்கதரிசி அவசரப்படவில்லை. ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்க்கிறார். நீங்களும் அவசரப்படாதீர்கள். மரவேலை தெரிந்தவர், வலை பின்னுகிறவர், கடை வைத்திருப்பவர் இருந்தால் அவர்களையே அந்தந்த வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சந்தைச் சரக்குகளின் பட்டியல் நீளமானது, பெயர்கள் வாயில் இடறும். பரவாயில்லை, விட்டுவிடாமல் வாசியுங்கள். கர்த்தர் அழகை வெறுக்கிறவர் அல்ல என்பது அந்தப் பட்டியலைப் பொறுமையாக வாசித்தவனுக்குத்தான் விளங்கும்.

பிறகு 26ஆம் வசனம். தண்டு வலிப்பவர்கள் கப்பலை ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள், நடுக்கடலில் ஒரு காற்று அதை உடைத்துப்போடுகிறது. எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தக் காற்றின் பெயர் கொண்டற்காற்று. இதை வாசித்ததும் எங்கள் விறாந்தையில் இருந்த ஒரு வயதானவர், ‘கொண்டலா?’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று நான்கு காற்றையும் முகத்தில் வாங்கி அறிந்த மனிதர். கிழக்கே இருந்து கொண்டல் இறங்கினால் எங்கள் கரையில் படகைத் தள்ளமுடியாது. அன்று நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. அவரே கால்மணி நேரம் பேசினார், எல்லோரும் கேட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த அதிகாரத்தைத் தேவனே ‘புலம்பல்’ என்கிறார். நியாயத்தீர்ப்பைத்தான் சொல்கிறது, ஆனால் ஒப்பாரியாகச் சொல்கிறது. ஆகவே மேசையில் தட்டி, குரலை உயர்த்தி வாசிக்க வேண்டாம். இழவு வீட்டில் இருக்கிற ஒருத்தியின் குரலில் வாசியுங்கள். விழப்போகிறவனுக்காக அழாத வாயால் நியாயத்தீர்ப்பைப் பேசினால் அது எசேக்கியேலின் வார்த்தையாக இராது.

முதல் மாலை முடியும்போது ஒரு வேலை கொடுங்கள்: அந்தக் கப்பலில் என் இடம் எது என்று ஒவ்வொருவரும் தேடி வரவேண்டும். வியாபாரி, மாலுமி, தண்டு வலிப்பவன், யுத்தவீரன், எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நான் தேடியபோது 9ஆம் வசனத்தில் எனக்கு இடம் கிடைத்தது. பலகை இடுக்கை அடைத்து ஒழுக்கை நிறுத்துகிற, கைதேர்ந்த வேலைக்காரர்கள். 27ஆம் வசனத்தில் கப்பலோடு கடலில் விழுகிறவர்களின் பட்டியலிலும் அவர்கள் இருக்கிறார்கள். பழுது பார்ப்பவனும் தப்பவில்லை.

இரண்டாம் மாலை 28ஆம் அதிகாரம். இது கடினமான மாலை. தொடங்குமுன் ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: இன்று யாரும் இன்னொருவருடைய பெயரைச் சொல்லக்கூடாது. அரசியல்வாதியின் பெயரும், இன்னொரு சபையின் பெயரும், அயலவரின் பெயரும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் நான் கேட்ட சில பிரசங்கங்கள் இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கின்றன. கடல் எடுத்தவர்களின் பாவத்துக்குத் தண்டனை என்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். அல்ல என்றும் அவரே சொன்னார். லூக்கா 13ஐ அன்று முதலில் வாசித்துவிட்டே எசேக்கியேலைத் திறவுங்கள். போரிலும் கடலிலும் இழந்தவர்கள் இல்லாத வீடு இங்கே குறைவு. ஏற்கெனவே நொறுங்கிப்போனவரிடம் பெருமையைப் பற்றிப் பேசவேண்டிய தேவை இல்லை. அவருக்கு அன்று தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள், அது போதும்.

கிறிஸ்தவர்களாகிய நாங்கள் விரல் நீட்டாமல் இருப்பதற்கு எங்கள் ஊரே ஒரு காரணம் வைத்திருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். சிலுவைக் கொடியோடு வந்தவர்கள் அவர்கள். 1639இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. இருபது வருடம்கூட அவர்களிடம் நிலைக்கவில்லை. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே தொடங்கும் என்று பேதுரு எழுதியதைக் கோட்டை வாசலால் போகும்போதெல்லாம் நினைக்கிறேன். என் இந்து நண்பர்களோடு, அந்தக் கோவில் இருந்த சுவாமிமலைப் பக்கம் நடக்கும்போது அந்த நினைவு இன்னும் கனக்கும்.

28ஆம் அதிகாரத்தில் தீருவின் அதிபதி, தான் தேவன் என்றும் சமுத்திரத்தின் நடுவே தேவாசனத்தில் வீற்றிருக்கிறேன் என்றும் சொல்கிறான். வருகிற பதில் இது: ‘நீ மனுஷனேயல்லாமல் தேவனல்ல.’ இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாளும் பேனையும் கொடுத்து, கடந்த கிழமை தாங்கள் சொன்னவற்றில் ‘என்’ என்ற சொல்லோடு தொடங்கிய வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். என் பிள்ளை, என் காணி, என் கை, என் சபை. தாளை யாரும் பார்க்க வேண்டாம், மடித்து வைத்திருக்கட்டும். நடத்துகிறவர் மட்டும் தன்னுடைய ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நீங்கள் சொல்லாமல் மற்றவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: ‘என் கைபட்ட எஞ்சின் நடுக்கடலில் நிற்காது.’

வெளியே பூட்டும் எஞ்சினில் தண்ணீர்ப் பம்புக்குள் ஒரு சிறிய றப்பர்ச் சக்கரம் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும், இதழ் இதழாக, பூப்போல இருக்கும். அது சுற்றிக் கடல்நீரை மேலே இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும். வேலை செய்கிறதா என்பதைப் பின்பக்கத் துவாரத்தால் பீய்ச்சும் தண்ணீரைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். சகோதரர் இருவர் எஞ்சினைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். திருத்திக் கொடுத்ததும் இளையவன் கேட்டான்: ‘அண்ணை, தண்ணீர் நூல்போல மெலிந்து வருகிறது. பம்பை ஒருமுறை திறந்து பார்ப்போமா?’ நான்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ‘நீ போ தம்பி’ என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் அவர்கள் திரும்பவில்லை. இரவு அவர்களுடைய தாய் கரையில், கையில் டோர்ச் லைட்டோடு மணலில் இருந்தார். கவிழ்த்து வைத்த படகொன்றின் பின்னால் நான் நின்றேன். பதினைந்து அடி தூரம். போக முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு நிலாவெளிப் படகொன்று அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. பம்பைத் திறந்தேன். மூன்று இதழ்கள் இல்லை. உடைந்த துண்டுகள் தண்ணீர்ப் பாதையில் போய் அடைத்துக் கிடந்தன. எஞ்சின் வெந்து இறுகிப்போயிருந்தது. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘பிள்ளைகள் வந்துவிட்டார்கள் தம்பி, அது போதும்’ என்றார்.

எனக்குப் பாடம் சொல்வதற்காகக் கர்த்தர் அந்தப் பிள்ளைகளைக் கடலில் அலைய விட்டார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதிலும் நான்தான் நடுவில் இருப்பேன். இதழ் உடைந்தது தேய்ந்ததால். நான் திறந்து பார்க்காதது பெருமையால். ஆனால் அன்றிரவு 28ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

இரண்டாம் மாலையை இதற்கு மேல் நீட்டாதீர்கள். மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, ‘பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார்’ என்ற யாக்கோபின் வசனத்தைச் சேர்ந்து சொல்லி முடியுங்கள்.

தீருவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள்: பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை நெடுங்காலம் முற்றுகையிட்டது, கி.மு. 332இல் அலெக்சாந்தர் கரையிலிருந்து தீவு வரை கடலில் அணை போட்டு, ஏழு மாத முற்றுகையில் பிடித்தான். அதற்குமேல் சரித்திரத்தில் நேரம் போகவிடாதீர்கள்.

மூன்றாம் மாலை, கர்த்தரைச் சார்ந்திருப்பதைப் பற்றி. இங்கேதான் பெரும்பாலான கூட்டங்கள் வழுவழுப்பான பேச்சில் முடிகின்றன. ‘எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிக் கலைவது சார்ந்திருத்தல் அல்ல. எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் ஆட்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். அந்த நேபுகாத்நேச்சாருக்குத் தானியேல் தீர்க்கதரிசி சொன்ன ஆலோசனையை வாசியுங்கள் (தானியேல் 4:27): நீதியைச் செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும். பெருமைக்கு மருந்தாக அவர் அரசனுக்குச் சொன்னது ஏழைக்கு இரங்குவது. பன்னிரண்டு மாதம் கழிந்தும் அரசன் அதைக் கேட்கவில்லை. ‘நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா’ என்று மாடியில் உலாவிக்கொண்டிருந்தான்.

ஆகவே ஒவ்வொருவரும் அந்தக் கிழமைக்கு இரண்டு காரியங்களைத் தீர்மானிக்கட்டும். ஒன்று, யாரிடமாவது உதவி கேட்பது அல்லது பிழையை ஒப்புக்கொள்வது. மற்றது, தனக்குத் திருப்பித் தர இயலாத ஒருவருக்குச் செய்வது. காரியம் சிறியதாக, நாள் குறித்ததாக இருக்கட்டும். நான் அந்தச் சகோதரர்களின் எஞ்சினை என் செலவில் திருத்திக் கொடுத்தேன். அன்று முதல் இன்றுவரை, எந்த எஞ்சினையும் கொடுக்குமுன் அதன் சொந்தக்காரனையே பம்பைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். அவன் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, மனதுக்குள் ஜெபிக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களிடம் வானிலை அறிவிப்பைக் கேட்டீர்களா, உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்பதையும் ஜெபத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறேன். ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சொல்கிறவன், தன் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் காட்டும்போது கோபப்படக்கூடாது.

கடைசி வாசிப்பைக் கரையில் வையுங்கள். நாங்கள் பொழுது சாயும் நேரத்தில் போவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 21ஐத் திறந்து, அப்போஸ்தலனாகிய பவுல் தீருவில் ஏழு நாள் தங்கியதை வாசிப்போம். கடல் விழுங்கும் என்று எசேக்கியேல் அழுத அதே ஊரில் சீஷர்கள் இருந்தார்கள். பவுல் கப்பலேறும் நாளில் அவர்கள் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் பட்டினத்துக்குப் புறம்பே வந்து, கடற்கரையில் முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணினார்கள்.

நாங்களும் அங்கேயே முழங்கால்படியிடுவோம். மடித்த தாளை அவரவர் ஈரமணலில் புதைப்பார்கள். அந்தத் தாயும் வருவார். இப்போது அவருக்கு முழங்காலில் வாதம். கரைக்குப் பாய் தேவையில்லை, ஆனால் அப்படியானவர்களுக்காக இரண்டு கதிரைகள் கட்டாயம் கொண்டுபோங்கள். கால்கள் மணலில் புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகை வையுங்கள்.