சொதி புளித்ததை மூக்குச் சொல்லவில்லை

திருகோணமலையில் அம்மம்மா வீட்டுக் குசினிக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது, சொதி புளித்துப் போயிற்று. அம்மம்மாவோ அதை இடியப்பத்துக்கு விட்டுக்கொண்டிருந்தார். “நல்லாத்தானே கிடக்கு பிள்ளை, இப்பதான் மணந்து பாத்தனான்.”

பொய்யில்லை, மணந்துதான் பார்த்திருக்கிறார். முதல் பிழை இதுதான்: மணம் பிடிபடாவிட்டால் அவருக்கே தெரியும் என்று நாம் நினைப்பது. கண் மங்கினால் பேப்பர் வாசிக்கும்போது தெரிந்துவிடும். மூக்கு வருடக்கணக்கில், சத்தமில்லாமல் மங்கும். 1984 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 65 முதல் 80 வயதானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 80 தாண்டியவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோருக்கும் முகரும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. மூக்கின் உச்சியிலுள்ள மண உயிரணுக்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. வயது போகப்போக அந்த முளைப்பு மந்தமாகிவிடுகிறது.

மீன் வாங்கும்போது மட்டும் அம்மம்மாவை ஏமாற்ற முடியாது. செவுளை விரித்துச் சிவப்பைப் பார்ப்பார், விரலால் அமத்திப் பார்ப்பார். சமைத்த சாப்பாட்டுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். இப்போது பிரிட்ஜில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் வைத்த திகதியை எழுதி ஒட்டுகிறோம்.

அடுத்தது உப்பு. “கருவாட்டுக் குழம்பில ஒரு ருசியும் இல்லை” என்றால் சமைத்தவரில் குற்றம் சொல்லாதீர்கள், உப்பையும் அள்ளிப் போடாதீர்கள். நாக்குக்குப் புளிப்பு, உப்பு, இனிப்பு, கசப்பு, இறைச்சிச்சாறு போன்ற ஒரு சுவை, இவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் தொண்டை வழியாக மூக்குக்குப் போகிற மணம். உப்பைக் கூட்டினால் பிரஷர்தான் ஏறும். தேசிக்காய்ப்புளி, மிளகு, இஞ்சி கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மிளகின் உறைப்பு வேறு நரம்பில் போவதால் மூக்கு மங்கினாலும் உறைக்கும்.

காஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சமையல் காஸுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது தெரியாத மூக்கை நம்பி, வயதானவரைத் தனியே சிலிண்டரோடு விடக்கூடாது. இரவில் ரெகுலேட்டரை மூடுவதும், இணைப்பில் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பதும் இளையவர்கள் வேலை.

“வயசு போனால் அப்படித்தான்” என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் பிழை. திடீரென்று மணம் போனாலும், தலையில் அடிபட்டபின் போனாலும், ஒரு பக்கம் மட்டும் போனாலும் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்ட வேண்டும். பார்க்கின்சன் நோயில் நடுக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே மணம் குறைவதுண்டு. அதற்காக மணம் குறைந்தவர்களுக்கெல்லாம் அந்த நோய் என்று பயப்பட வேண்டாம்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விடும், தேய்ந்த உயிரணு திரும்பாது. மணப் பயிற்சியாவது சிலருக்கு உதவுகிறது. 2009 இல் ஜெர்மனியில் ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு மணங்களைத் தினம் இருமுறை, 12 வாரம் முகரவைத்தார்கள். மணம் இழந்தவர்கள் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அம்மம்மாவும் தொடங்கியிருக்கிறார். கராம்பை மட்டும் முகர்ந்த கையோடு வாய்க்குள் போட்டுவிடுகிறார்.