பிராட்காஸ்ட் ஏன் போய்ச் சேரவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் விற்கிறோம். தீபாவளி விலைப்பட்டியலை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வசதி) அனுப்பினால் பாதிப் பேருக்கு ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். காரணம் எளிது: நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான். ஒரு பட்டியலில் 256 பேர்தான் என்ற வரம்பு வேறு.

ஆகவே ஆர்டர் கொடுத்த கையோடு, கடைப் பெயரில் எண்ணைச் சேமிக்கச் சொல்லி ஒரு செய்தி அனுப்புகிறோம். கடைகளுக்கான செயலியான வாட்ஸ்அப் பிசினஸில் அதைக் குவிக் ரிப்ளையாக, அதாவது முன்பே எழுதிவைத்த பதிலாக, வைத்தால் சாய்கோடு தட்டியதும் வந்து நிற்கும். இங்கே இளையவர்கள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது.

இன்ஸ்டாகிராம் பயோவில் (பெயருக்குக் கீழே வரும் அறிமுகக் குறிப்பு) போடும் வாட்ஸ்அப் இணைப்பும் திறக்காமல் படுத்தியது. 083 என்று தொடங்கும் எண்ணில் முதல் சுழியத்தை எடுத்துவிட்டு, நாட்டுக் குறியீடான 27 சேர்த்து, 2783 என்று தொடங்க வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி எதுவும் ஆகாது. பயோவில் 150 எழுத்துகளே இடம். ஊர், சைவமா, எந்த நாளுக்குள் ஆர்டர், இவை போதும். "அன்போடு தயாரித்தது" எல்லாம் வீண்.

புரொஃபைல் படம் வட்டமாக வெட்டுப்படும். லோகோவின் ஓர எழுத்துகள் போய்விடும், மிச்சமும் பொடியாகி வாசிக்க முடியாது. முறுக்கு சுடுகிற ஆன்ட்டியின் முகத்தை நெருக்கமாக எடுத்து, எல்லாத் தளங்களிலும் அதே படம், அதே பெயர் வைத்தோம். விலையைப் பலகாரப் படத்திலேயே ராண்டில் (இந்நாட்டு நாணயம்) எழுதிவிடுங்கள். "இன்பாக்ஸ் பண்ணுங்க" என்றால் பலர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.