உழவர் சந்தையில் முதல் பட்டம்: விதைப்பிலிருந்து விற்பனை வரை

சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, விளைவதை மண்டியில் கொட்டாமல் நாமே நேராக விற்றால் என்ன என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரைப் பக்கம் ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிப் பருவம், முழுக்க விளைவித்து உழவர் சந்தையில் உட்கார்ந்து விற்றதில் தெரிந்துகொண்டவை இவை. 20 சென்ட் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

படி 1: விதைக்கும் முன்பே அட்டை

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விவசாயிக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஆளே இல்லாமல் இருப்பதுதான் அதன் நோக்கம். அதனால் வியாபாரிகளுக்கு அங்கே இடமில்லை. விவசாயி என்பதற்கான அடையாள அட்டை இருந்தால்தான் கடை கிடைக்கும்.

பக்கத்துச் சந்தையின் நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கள். நில ஆவணங்களான சிட்டா, அடங்கல், அவற்றோடு ஆதார், புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கேட்பார்கள். நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. அறுவடை நெருங்கும்போது இதற்கு அலையாதீர்கள், முன்கூட்டியே முடித்துவிடுங்கள். உங்களுக்குப் பதில் வீட்டில் வேறு யாராவது வந்து விற்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள். முதல் முறை செய்பவருக்கு இது பெரிய உதவி.

படி 2: பின்னோக்கி எண்ணி விதையுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மண்டிக்கு விளைவிப்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்து ஏற்றிவிடலாம். சந்தையில் உட்காருகிறவருக்குத் தினமும் கொஞ்சம் வேண்டும். மொத்தமாக விதைத்தால் ஒரு வாரம் கீரை குவியும், அடுத்த வாரம் கடை காலியாக இருக்கும். வாடிக்கையாக வாங்குகிறவர்கள் இரண்டு நாள் உங்களைக் காணாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

சிறுகீரையை எடுத்துக்கொள்வோம். விதைத்து 25 நாளில் பறிக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு சென்ட் அளவில் ஆறு பாத்தி போடுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு பாத்தி என்று விதைத்துக்கொண்டே வாருங்கள். ஆறாவது பாத்தியை விதைக்கும் அன்று முதல் பாத்தி பறிப்புக்கு வந்திருக்கும். அதை ஐந்து நாள் பறித்து முடித்ததும் கொத்திவிட்டு, மக்கிய தொழுவுரம் போட்டு மறுபடி விதைக்கலாம். இந்தச் சுற்று அறாமல் ஓடினால் தினமும் கீரை இருக்கும்.

சென்ட்டுக்குப் பத்து கிராம் விதை போதும். பொடி விதை என்பதால் மணலில் கலந்து தூவினால்தான் சீராக விழும். எறும்பு தூக்காமல் இருக்க பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். ஐப்பசி மழையில் கீரை அழுகும், சந்தைக்கு வரத்தும் குறையும். அந்த மாதங்களில் மேட்டுப்பாத்தி போட்டவருக்கு நல்ல விலை கிடைக்கும்.

வெண்டையை இரண்டு தவணையாக நடுங்கள், நடுவில் ஒரு மாத இடைவெளி விட்டு. 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். வெள்ளை ஈ வந்தால் இலையில் மஞ்சள் நரம்பு ஓடும். மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள், நோய் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். மிச்ச இடத்தில் கொத்தவரை, கத்தரி, மிளகாய் போதும். வரப்போரம் அகத்தி ஊன்றுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படி 3: நாட்காட்டியைப் பாருங்கள்

பஞ்சாங்கம் தெரிந்தவருக்குச் சந்தையும் பாதி தெரிந்த மாதிரி. புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது, காய்கறி விற்பனை ஏறும். புரட்டாசிக்கு வெண்டை காய்க்க வேண்டுமானால் ஆடியில் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். கார்த்திகையில் மாலை போடுபவர்களாலும் இதே நிலைதான். பொங்கலுக்குப் பூசணி, மொச்சை, சர்க்கரைவள்ளி கேட்பார்கள். அமாவாசையன்று பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரை வாங்குவார்கள். வரப்பில் சும்மா நிற்கும் மரம் அன்றைக்குக் காசு தரும்.

படி 4: பறிப்பும் கட்டும்

கீரையை முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு பறியுங்கள். வேரில் ஒட்டிய மண்ணை மட்டும் அலசுங்கள். இலை நனைந்தால் இரவிலேயே வெந்துபோகும். வாழைநாரால் கட்டி, நனைத்துப் பிழிந்த சாக்கின் மேல் வேர் கீழே இருக்கும்படி நெருக்கமாக நிறுத்துங்கள். மூடுவதற்கு மெல்லிய ஈரத்துணி போதும், பிளாஸ்டிக் தாள் வேண்டாம். கட்டின் அளவு தினமும் ஒன்றாக இருக்கட்டும். நேற்றைய கட்டின் அளவை நினைவில் வைத்திருப்பவர்கள் அங்கே நிறையப் பேர்.

வெண்டையை விரல் நீளத்தில் பறியுங்கள். வாங்க வரும் அம்மாக்கள் முதலில் செய்வது நுனியை ஒடித்துப் பார்ப்பதுதான். பட்டென்று ஒடிந்தால் கூடைக்குப் போகும். வளைந்தால் பேசாமல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முற்றின காய் நாலு கலந்திருந்தாலும் குவியல் முழுக்க அப்படித்தான் என்று தோன்றிவிடும். அதைத் தனியே எடுத்து மாட்டுக்குப் போடுங்கள்.

படி 5: கடையில்

விலையை நீங்கள் வைக்க முடியாது. மொத்தச் சந்தை நிலவரம் பார்த்து ஒவ்வொரு நாள் காலையும் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடக் கூடுதலாக, வெளியே சில்லறையில் விற்பதைவிடக் குறைவாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே விலை என்பதால் காயின் புதுமையும் உங்கள் பேச்சும்தான் ஆளை நிறுத்தும். விடிவதற்குள் போய்ச் சேருங்கள். பத்து ரூபாய் நாணயங்கள் ஒரு பை நிறைய வேண்டும், க்யூஆர் அட்டையும் மாட்டிவிடுங்கள். எடை போட்டபின் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை வையுங்கள். வேலியோரம் இரண்டு செடி இருந்தால் அதற்குத் தனிச் செலவே இல்லை. "இதை எப்படிச் சமைக்கிறது?" என்று இளவயதுக்காரர்கள் கேட்டால் நின்று சொல்லுங்கள், அடுத்த முறையும் உங்களிடமே வருவார்கள்.

வெயில் ஏறியதும் கூட்டம் கரைந்துவிடும். மிஞ்சிய கீரையை மறுநாள் கொண்டுவராதீர்கள். அருகிலுள்ள மெஸ் ஒன்றிடம் முன்பே பேசி, மிச்சத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

படி 6: நோட்டு

வீட்டுக்கு வந்ததும் நாலு விஷயம் எழுதுங்கள்: கொண்டுபோனது, விற்றது, மிஞ்சியது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது. கடைசி விவரத்தைப் பலர் எழுதுவதில்லை. ஏழு மணிக்கே வெண்டை தீர்ந்தால் அடுத்த தவணையில் பாத்தியைக் கூட்டலாம், பத்து மணிவரை கத்தரி கிடந்தால் குறைக்கலாம். கிழமையும், அமாவாசை, முகூர்த்தம் போன்றவையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். விதை, பஸ் செலவு, கூலி எல்லாம் தனிப் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு அதில் எழுதுங்கள். அதையும் கழித்த பிறகு நிற்கிற தொகையைப் பார்த்து அடுத்த பட்டத்தில் நிலத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.